ஸ்லெட்: வாங்குவதா, தனியே செய்வதா, நாலு பேர் கூடிச் செய்வதா?

மேசை ரம்பம் (டேபிள் சா) வாங்கிய முதல் மாதத்திலேயே ஒன்று தெரிந்துவிடும். பலகையை நீளவாக்கில் அறுக்க அது கெட்டிக்காரக் கருவி; குறுக்கே அறுக்க வந்தால் திணறும். பலகையைக் கோணம் மாறாமல் தள்ளக் கூடவே கொடுக்கும் மைட்டர் கேஜ், மேசையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் லேசாக ஆடும். அதன் முகமோ ஒரு சாண் அகலம்கூட இருக்காது. அலமாரிக்கு நான்கு தட்டுகளை அதை வைத்து அறுத்துவிட்டுச் சட்டத்தில் பொருத்திப் பார்த்தால், ஒரு மூலை உட்காரும், எதிர்மூலை வாய் பிளக்கும்.

அதற்கு மருந்து ஸ்லெட். பிளைவுட் தளம் ஒன்று, அதன் அடியில் ரம்பத்தின் மைட்டர் பள்ளத்தில் ஓடும் இரண்டு பட்டைகள், அதாவது ரன்னர்கள், மேலே முன்னும் பின்னும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு தடுப்புகள், அதாவது ஃபென்ஸ்கள். பலகையை ஃபென்ஸில் சாய்த்து, தளத்தோடு சேர்த்துத் தள்ளினால் செங்கோணத்தில் அறுபடும். இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுத்த கேள்வியில்தான் ஆளாளுக்கு நிற்கிறார்கள்: கடையில் வாங்கிவிடலாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து செய்துவிடலாமா, மரவேலை செய்யும் நண்பர்களைக் கூட்டி எல்லாருக்குமாகச் சேர்த்துச் செய்யலாமா?

மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். கோவையில் நாங்கள் நான்கு பேர். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், கல்லூரி விரிவுரையாளர் ஒருவர், மரவேலையே பிழைப்பாகக் கொண்ட ஆசாரி ஒருவர், பிறகு நான். நான்கு பேரிடமும் நான்கு விதமான ரம்பங்கள். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள். தகராறு முழுக்க அதிலிருந்துதான் வந்தது.

## எதை வைத்து எடைபோடுவது?

விலையை முதலில் கேட்காதீர்கள். முதலில் கேட்க வேண்டியது, *உங்கள்* ரம்பத்தில் அது செங்கோணமாக அறுக்குமா என்பது. ஸ்லெட் தன்னளவில் துல்லியமான பொருள் அல்ல. பள்ளம், பிளேடு, ஃபென்ஸ் மூன்றுக்கும் உள்ள உறவுதான் துல்லியம். பிளேடுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் ரம்பத்துக்கு ரம்பம் மாறும். அமெரிக்க வழக்கப்படி பள்ளம் முக்கால் அங்குல அகலம், அதாவது 19 மி.மீ.க்குச் சற்று மேல். ஆழம் ஒன்பதரை மி.மீ. ஆனால் சிறிய ரம்பங்கள் பலவற்றில் இந்த அளவு இருப்பதில்லை. எங்கள் விரிவுரையாளரின் ரம்பமும் அப்படித்தான்.

இரண்டாவது, ரன்னர் மழைக்காலத்திலும் ஓடுமா? மூன்றாவது, கை. 250 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் அதன் பல்முனை மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் போகிறது. ஸ்லெட் வைத்து அறுக்கும்போது ரம்பத்தின் மேல்மூடியைக் கழற்றியாக வேண்டும். அந்தக் குறையை ஸ்லெட் எப்படி ஈடுகட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நான்காவதாகத்தான் செலவு. அதில் பணம், நேரம், மாட்டிவைக்கச் சுவரில் இடம் மூன்றும் அடக்கம். ஐந்தாவது, நாளை ரம்பத்தை மாற்றினால் இது என்ன ஆகும் என்பது.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பிளேடு பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பல்லில் குறியிட்டு, அதே பல்லைப் பிளேட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் கொண்டுவந்து, பள்ளத்திலிருந்து அளக்க வேண்டும். இது சாய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல ஸ்லெட்டும் பலகை ஓரத்தைக் கருக்கும்.

## வாங்குவது

நான் முதலில் செய்தது இதுதான். முழு ஸ்லெட் வாங்கவில்லை. இணையத்தில் அலுமினிய மைட்டர் கேஜ் ஒன்றை, நீண்ட ஃபென்ஸும், பலகை முனையை முட்டவைக்கும் நிறுத்துக்கட்டையும் சேர்ந்ததாக வாங்கினேன். பார்க்க அழகு. கோணங்களுக்குச் சொடுக்கென்று உட்காரும் பல் இருந்தது. பள்ளத்தில் போட்டால் அரை மி.மீ. ஆட்டம். அதன் தண்டில் இருந்த சிறு திருகுகளை இறுக்கி ஆட்டத்தைப் போக்கினேன். இரண்டு வாரத்தில் தளர்ந்துவிட்டது.

விலை கூடிய தயாரிப்புகளில் இந்தக் குறை குறைவு. இன்க்ரா நிறுவனத்தின் கேஜ் போன்றவை தண்டை அகலப்படுத்திப் பள்ளத்துக்கு ஏற்ப இறுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு வருகின்றன. ஆனால் அவை முக்கால் அங்குலப் பள்ளத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. உங்கள் பள்ளம் அந்த அளவா என்று வெர்னியர் காலிப்பரில் அளக்காமல் பணம் கட்டாதீர்கள். இறக்குமதிப் பொருள் என்றால் சுங்கமும் அனுப்பும் கூலியும் சேர்ந்து, சிறிய ரம்பத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்குப் போய்விடும். இதைத்தான் மறைந்திருக்கும் செலவு என்பேன்: வாங்கிய பிறகும் அதை உங்கள் ரம்பத்துக்குச் சரிசெய்யும் வேலை உங்கள் தலையில்தான்.

வாங்குவதே சரி என்று நான் நினைக்கும் இடங்களும் உண்டு. படச்சட்டம், எண்கோணப் பெட்டி என்று தொண்ணூறு தவிர மற்ற கோணங்களில் அடிக்கடி அறுப்பவருக்கு நல்ல மைட்டர் கேஜுக்கு இணையாக வீட்டில் எதையும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் காத்திருக்க, நாள்கூலி போய்க்கொண்டிருக்கும்போதும் வாங்கிவிடலாம். எங்கள் ஆசாரி இந்தக் கட்சி. ஸ்லெட் போல அறுப்பதற்குத் துணையாகச் செய்துகொள்ளும் சாதனத்தை ஜிக் என்பார்கள். "ஒரு நாள் உட்கார்ந்து ஜிக் செய்தால் அந்த நாள் கூலியை யார் தருவார்கள்?" என்பார். பிறகு எங்களோடு சேர்ந்து செய்தார் என்பது வேறு கதை.

## தனியே செய்வது

600 மி.மீ. அகலமும் 450 மி.மீ. ஆழமும் கொண்ட ஸ்லெட்டுக்கு எவ்வளவு பிளைவுட் போகும்? தளம் ஒன்று. ஃபென்ஸுக்கு 80 மி.மீ. உயரப் பட்டைகள், மூன்று மூன்றாக ஒட்டினால் ஆறு. எல்லாம் சேர்த்து ஆறு சதுர அடி. கடையில் முழு ஷீட் எட்டுக்கு நாலு, 32 சதுர அடி. ஐந்தில் ஒரு பங்குகூட உங்களுக்கு வேண்டாம். கடைக்காரர் பாதி ஷீட்டுக்குக் கீழே வெட்டித் தர மாட்டார். மிச்சம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் போகும். வீட்டில் இருப்பவர்கள் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்கலாம்.

பிளைவுட் வாங்கும்போது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. அது தண்ணீரில் நிற்கும் தரத்துக்கானது. ஸ்லெட் குளிக்கப் போவதில்லை. பொது உபயோகத்துக்கான ஐஎஸ் 303 போதும். ஒரு முனையில் கண்ணை வைத்து ஷீட் முழுக்கத் தட்டையாக ஓடுகிறதா என்று பாருங்கள். எந்த முத்திரையும் அதற்கு உத்தரவாதம் தராது.

தனியே செய்வதன் சுகம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அளவு உங்கள் விருப்பம். கஷ்டம், பிழையைச் சுட்டிக்காட்ட ஆள் இல்லை. என் முதல் ஸ்லெட்டைத் தனியாகத்தான் செய்தேன். மூலைமட்டத்தை வைத்து ஃபென்ஸைப் பொருத்தி, திருகி, பெருமையாக அண்ணனிடம் காட்டினேன். அவர் ஸ்லெட்டைப் பார்க்கவில்லை. என் மூலைமட்டத்தை வாங்கி, பிளைவுட் ஓரத்தில் வைத்துக் கோடு கிழித்தார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழித்தார். இரண்டு கோடுகளும் மேலே போகப் போக விலகின. "மட்டத்தை நம்பாதீர்கள் தம்பி. திருப்பிப் போட்டுப் பாருங்கள்" என்றார். நான் நான்கு வருடமாக அந்த மட்டத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தேன்.

அந்த ஸ்லெட்டில் இன்னொரு குறையும் இருந்தது. தள்ளி முடிக்கும்போது பிளேடு ஃபென்ஸைத் துளைத்துக்கொண்டு நம் பக்கமாக வெளியே வரும். தள்ளுகிற கட்டைவிரல் இயல்பாக உட்கார்வதும் அந்த இடத்தில்தான். ஒருநாள் ஏதோ யோசனையில் அறுத்துவிட்டுக் குனிந்து பார்த்தால், பிளேடு என் விரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி நின்று சுற்றிக்கொண்டிருந்தது. அன்று மாலையே ஃபென்ஸின் பின்புறம் நடுவில் தடிமனான மரக்கட்டை ஒன்றை ஒட்டினேன். பிளேடு எவ்வளவு வந்தாலும் அந்தக் கட்டைக்குள்ளேயே அடங்கும். விரலும் அங்கே போக இடமில்லை. எந்த வழியில் செய்தாலும் இந்தக் கட்டை இல்லாத ஸ்லெட்டைத் தொடாதீர்கள்.

## கூடிச் செய்வது

கணக்கில் முதலில் கண்ணுக்குத் தெரிவது சிக்கனம். 12 மி.மீ. ஷீட் ஒன்றில் நான்கு தளங்களை வரிசையாக எடுத்தபின், மிச்சத்தில் 80 மி.மீ. பட்டைகள் 36 விழுகின்றன. நாலு பேருக்கு வேண்டியது 24. ஒரே ஷீட்டில் நான்கு ஸ்லெட்டும் முடிந்து, 12 பட்டைகள் கையில் நிற்கும்.

ஆனால் சிக்கனம் சின்ன விஷயம். நுண்ணிய வித்தியாசத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்றை அண்ணன் கொண்டுவந்தார். அதைப் பள்ளத்தில் ஓட்டி நான்கு ரம்பங்களின் பிளேடையும் இணையாக்கியதில் பாதி நாள் போனது. அந்தப் பாதி நாள் இல்லையென்றால் மீதி எல்லாம் வீண். ஆசாரியின் கையில் இழைப்புளி இருந்தது. ரன்னரைத் தலைமுடி அளவு சீவிச் சீவிப் பொருத்தும் வித்தையை எழுதி விளக்க முடியாது. என்னிடம் இருந்தது வெர்னியரும், எண்களில் கொஞ்சம் பொறுமையும். விரிவுரையாளர் காபி போட்டார், எல்லாரையும் கேள்வி கேட்டார். அந்தக் கேள்விகளில் இரண்டு எங்களைக் காப்பாற்றின.

இதன் மறைந்த செலவு தேதி. நாலு பேரும் ஒரே ஞாயிறு ஓய்வாக இருக்க ஆறு வாரம் ஆனது. ஒருவர் வீட்டில் கல்யாணம், ஒருவருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் பணி.

அதைவிடப் பெரிய செலவு, ஒரு பிழை நான்காகப் பெருகுவது. ஃபென்ஸ் பட்டைகளை மூன்று மூன்றாக ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பழைய கதவுப் பலகை மேல் வரிசையாகக் கிளாம்ப் போட்டு இறுக்கினோம். அந்தக் கதவு நடுவில் தொய்ந்திருந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தால் எட்டு ஃபென்ஸும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி வளைந்திருந்தன. "எல்லாம் இவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறதே, அதுவே சந்தேகம்" என்று விரிவுரையாளர்தான் முதலில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தனியாகச் செய்திருந்தால் இரண்டு ஃபென்ஸ் போயிருக்கும். பிறகு புதிய பட்டைகளை வெட்டி, சமையலறைக்குப் போட்டது போக மீந்த கிரானைட் துண்டின் மேல் வைத்து ஒட்டினோம். கிரானைட் தொய்வதில்லை. வளைந்தவை பெஞ்சுக்கு அடியில் தாங்குகட்டைகளாகிவிட்டன.

இன்னொரு சபலமும் வரும்: எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ரம்பத்தில் செய்துவிட்டு ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று. அதைச் செய்யாதீர்கள். தளம் வெட்டுவது, பட்டை ஒட்டுவது, திருகுக்குத் துளை போடுவது வரைதான் கூட்டு வேலை. ரன்னர் பொருத்துவதும், முதல் வெட்டும், ஃபென்ஸைச் செங்கோணத்துக்குக் கொண்டுவருவதும் அவரவர் ரம்பத்தின் மேல்தான் நடக்க வேண்டும். நாங்கள் அதற்காகவே அடுத்த இரண்டு ஞாயிறு வீடு வீடாகப் போனோம்.

## ஒரே பார்வையில்

| | வாங்குவது | தனியே செய்வது | கூடிச் செய்வது |
|---|---|---|---|
| உங்கள் ரம்பத்தில் செங்கோணம் | சரிசெய்த பிறகே | உங்கள் அளவுக் கருவி எவ்வளவு சரியோ அவ்வளவு | மற்றவரின் கருவியும் கண்ணும் சேர்வதால் சிறப்பு |
| பள்ளத்தில் பொருத்தம் | 19 மி.மீ. பள்ளம் என்றால் நல்லது | எந்தப் பள்ளத்துக்கும் | எந்தப் பள்ளத்துக்கும், அவரவர் வீட்டில் பொருத்தினால் |
| கைக்குப் பாதுகாப்பு | கருவியைப் பொறுத்தது | நினைவிருந்தால் கட்டை ஒட்டுவோம் | யாராவது ஒருவர் நினைவூட்டுவார் |
| பிளைவுட் வீணாவது | இல்லை | மிக அதிகம் | குறைவு |
| ஆகும் காலம் | கூரியர் வரும் வரை | ஒரு வார இறுதி | எங்களுக்கு இரண்டு மாதம் |
| ரம்பம் மாறினால் | பள்ளம் ஒத்தால் கூடவே வரும் | ரன்னரும் தளமும் மாற்ற வேண்டும் | அதேதான் |

## ரன்னர்: தனியாக ஒரு தீர்மானம்

கூடிச் செய்தபோது அதிகம் சண்டை போட்டது இதற்குத்தான். இங்கே நாலு பேரும் நாலு வழியில் போகலாம், தப்பில்லை.

மரம் என்றால் தேக்கு. முனையைப் பார்த்தால் வளைய வரிகள் நின்றவாக்கில் ஓடும்படி துண்டைத் தேர்ந்தெடுங்கள். மரம் வளையத்தின் போக்கில் விரிவதைவிட வளையத்துக்குக் குறுக்கே விரிவது குறைவு. அப்படி வெட்டினால் அகலவாக்கில் அசைவு சிறிதாக இருக்கும். ஆனாலும் ஐப்பசி மழையில் பத்தில் ஒரு மி.மீ. ஊதினால் போதும், ஸ்லெட் தள்ளத் தள்ள முனகும். பங்குனியில் அதே ரன்னர் ஆடும். ஆசாரி மழைக்காலத்தில் பொருத்தச் சொன்னார்: ஈரத்தில் சரியாக ஓடுவது வெயிலில் சிக்காது, லேசான ஆட்டத்தைத் தள்ளும்போது ஒரு பக்கமாகச் சாய்த்துச் சமாளிக்கலாம்.

வழுவழுப்பான யுஎச்எம்டபிள்யூ பிளாஸ்டிக் பட்டைக்கு ஈரத்தைப் பற்றிக் கவலை இல்லை. அதன் வினை திருகில் இருக்கிறது. திருகை அழுத்தி இறுக்கினால் அந்த இடத்தில் பட்டை பக்கவாட்டில் புடைத்துப் பள்ளத்தில் பிடிக்கும். எங்கே பிடிக்கிறது என்று தெரியாமல் பட்டை முழுக்கத் தேய்த்துப் பாழாக்கியவர்கள் உண்டு. ஒவ்வொரு திருகாகக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும்.

இரும்பு ரன்னர் கோவைக்காரர்களுக்கு எளிது. கணபதி, பீளமேடு பக்கத்துப் பட்டறை ஒன்றில் 20க்கு 10 மி.மீ. இரும்புப் பட்டையைக் கொடுத்து, பள்ளத்தின் அளவைச் சொன்னால் மில்லிங்கில் இறக்கித் தருவார்கள். சொல்வதைவிடப் பள்ளத்தில் சரியாக ஓடும் மரத்துண்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுப்பது நல்லது. எடை கூடும், துரு பிடிக்கும், அலுமினிய மேசையில் ஓட ஓடப் பள்ளத்தையே அரிக்கும். அண்ணன் இரும்புதான் போட்டார். ஃபிட்டர் வேறு என்ன போடுவார்? நான் பிளாஸ்டிக். எந்த ரன்னரானாலும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். சிலிகான் ஸ்பிரே அடிக்காதீர்கள், அது மரத்தில் பட்டால் பிறகு வார்னிஷ் ஒட்டாது.

## ஐந்து வெட்டு

ஃபென்ஸைச் செங்கோணத்துக்குக் கொண்டுவர மூலைமட்டமே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் மரவேலை கற்பித்த வில்லியம் இங் தன் காணொளியில் விளக்கிப் பரவலான முறை இது. ஃபென்ஸை ஒரு முனையில் மட்டும் திருகி, மறுமுனையைக் கிளாம்பில் நிறுத்துங்கள். ஓர் அடிச் சதுரப் பலகையை எடுத்து, அறுத்த ஓரத்தை ஃபென்ஸுக்குத் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் மெல்லச் சீவுங்கள். ஐந்தாவதாக, முதலில் அறுத்த பக்கத்தையே இன்னொரு முறை, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டையாக அறுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பிழை சேர்ந்து இந்தப் பட்டையில் நான்கு மடங்காகத் தெரியும்.

எங்கள் ஸ்லெட் ஒன்றில் 300 மி.மீ. நீளப் பட்டையின் இரு முனைகளுக்கும் அகலத்தில் 0.4 மி.மீ. வித்தியாசம். நான்கால் வகுத்தால் 300 மி.மீ.க்கு 0.1. திருகிய முனையிலிருந்து மறுமுனை 540 மி.மீ. தூரம், ஆக அங்கே நகர்த்த வேண்டியது 0.18 மி.மீ. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பான ஃபீலர் கேஜ் அண்ணனிடம் இருந்தது. அதில் 0.10, 0.08 தகடுகள் இரண்டையும் சேர்த்து, ஃபென்ஸுக்கும் அதை ஒட்டித் தளத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்திய கட்டைக்கும் நடுவே செருகி, தள்ளி, இறுக்கினோம். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் மட்டும் கவனம். முதல்முறை எதிர்ப்பக்கம் தள்ளி வித்தியாசத்தை இரட்டிப்பாக்கினோம். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் பைக் மெக்கானிக்கிடம் இரவல் கேட்கலாம்.

## எந்த ஜிக்குக்கு எந்த வழி?

ஸ்லெட்டுக்கு என் ஓட்டு, மூலைமட்டத்தைச் சோதிக்கவும் ஃபென்ஸின் வளைவைப் பார்க்கவும் ஆள் கிடைத்தால், கூட்டுவேலைக்கு. கிடைக்காவிட்டால் தனியே செய்யுங்கள். ஆனால் முடித்ததும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பலகைகளை விரல் கோத்ததுபோல் இணைக்கும் விரல்பூட்டு மூட்டுக்கான ஜிக்கைக் கூடிச் செய்ய வேண்டாம். அதன் முளை உங்கள் பிளேடு வெட்டும் தடத்தின் அகலத்துக்கு மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிளேடின் அகலம் வேறு. மேசைக்கால் சரிவுக்கான ஜிக்கும் அந்த ஒரு மேசைக்கானது, அரை மணியில் தனியாக முடித்துவிடலாம். மரம் திருப்பி அடிக்காமல் அழுத்தும் சீப்புப்பலகையை வாங்குவதும் ஒன்றுதான், செய்வதும் ஒன்றுதான். ஒரு வருடத்துக்குள் பெரிய ரம்பத்துக்கு மாறப் போகிறவர் இந்தப் பக்கமே வராமல், மைட்டர் கேஜின் முகத்தில் நேரான மரப்பட்டை ஒன்றைத் திருகிக்கொண்டு காலத்தை ஓட்டலாம்.

இன்னும் இரண்டு சின்னக் கணக்குகள். தளத்தின் 12 மி.மீ. உங்கள் வெட்டு ஆழத்திலிருந்து கழியும். பிளேடு மிக உயர ஏறினால் ஃபென்ஸின் 80 மி.மீ. பட்டை நடுவில் மெலிந்து ஸ்லெட் இரண்டாகப் பிளக்கும், ஆகவே பிளேடை மேசையிலிருந்து 60 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். அறுக்கும் தடத்தின் பக்கத்தில் திருகும் போடாதீர்கள்.

மீந்த 12 பட்டைகளில் எட்டு, வளைந்த ஃபென்ஸ்களைத் திரும்பச் செய்யப் போனது. மற்றதற்குக் கடையில் துண்டு பிளைவுட் வாங்கினோம். நான்கில் ஆளுக்கொரு தள்ளுகட்டை வெட்டிக்கொண்டோம். ஆசாரியினுடையது மட்டும் பிடி வளைந்து, கைக்கு இதமாக, உப்புத்தாள் போட்டு இழைத்தது. அரை நாள் கூலி போயிருக்கும்.